சீமைச் சங்கதி: பழைய தபால்காரரிடம் கேளுங்கள்

போன இதழில் ஆசிரியர் என்னைக் கேட்காமலே ஒரு வரி போட்டுவிட்டார்: ‘பிரித்தானியப் பழக்கவழக்கம் பற்றிய சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள், அங்கே முப்பது வருடம் தபால் போட்டவர் பதில் சொல்வார்.’ இப்போது வெள்ளவத்தையில் என் மேசையில் ஒரு சுளகு நிறையக் கடிதங்கள்.

நான் படித்து ஆராய்ந்தவன் அல்ல. 1980இல் போய், ஒன்பது வருடம் எடின்பரோவின் துறைமுகப் பக்கமான லீத்திலும், மிச்சக் காலம் லண்டன் ஹரோவிலும் வீடு வீடாகக் கடிதம் போட்டவன். வெள்ளைக்காரர் வீட்டுக் கதவுகள் ஆயிரக்கணக்கில் தெரியும். கதவுக்கு உள்ளே போனது கொஞ்சம்தான். ஆனால் ஒரு வீட்டுக்கு வருடம் எப்படிப் போகிறது என்பது தபால் பையைத் தூக்கினாலே தெரியும். பெப்ரவரியில் சிவப்பு உறை, மார்ச்சில் றோஸ் நிற உறை, டிசம்பரில் முதுகு முறிய வாழ்த்து அட்டை. கார் ஓட்டும் சோதனையில் பாஸானால் அட்டை, பூனை செத்தால் அனுதாப அட்டை. நேரே சொல்லக் கூச்சப்படுவதை எல்லாம் அட்டையில் எழுதி அனுப்பும் சனங்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

“என் மகன் லெஸ்டரில் இருக்கிறான். போன மார்ச்சில் ஒரு ஞாயிறு திடீரென்று போன் எடுத்து அன்னையர் தின வாழ்த்துச் சொன்னான். மே மாதம் வந்தபோது ஒரு சத்தமும் இல்லை. அங்கே போய் நாள் கிழமை மறந்துவிட்டானா?”
(ஒரு தாய், தெஹிவளை)

மறக்கவில்லை அம்மா, அவன் கணக்குச் சரி. நாங்கள் மே மாதம் இரண்டாம் ஞாயிறு கொண்டாடுவது அமெரிக்காவிலிருந்து வந்த அன்னையர் தினம். 1914இல் அங்கே சட்டமானது. இங்கிலாந்தின் நாள் அதைவிடப் பழையது. தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு, அதாவது உயிர்த்த ஞாயிறுக்குச் சரியாக மூன்று கிழமைக்கு முந்தியது. 2026இல் மார்ச் 15. உயிர்த்த ஞாயிறு வருடா வருடம் நகர்வதால் இதுவும் கூடவே நகரும்.

தொடக்கத்தில் இது தாயைப் பற்றிய நாளே அல்ல, தாய்க் கோயிலைப் பற்றியது. ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு, அல்லது அந்தப் பகுதியின் பெரிய கோயிலுக்கு அன்று போவார்கள். பிறகு பணக்கார வீடுகளில் வேலைக்கு நின்ற சின்னப் பெட்டைகளுக்கும் பையன்களுக்கும் அந்த ஞாயிறு லீவு கிடைத்தது. ஊருக்கு நடந்து போகும் வழியில் வேலியோரத்து ஊதாப் பூக்களைப் பறித்துக்கொண்டு தாயிடம் போய் நிற்பார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், அம்மா. வருடத்தில் ஒருநாள். அந்தக் கதையைக் கேட்ட பிறகு அந்த றோஸ் நிற உறைகளை நான் மழையில் நனைய விட்டதில்லை.

ஞாயிறு தபால் இல்லாததால் சனிக்கிழமைப் பைதான் பாரம். அன்று சாப்பிட சிம்னல் கேக் என்று ஒன்று உண்டு, இப்போது அதை உயிர்த்த ஞாயிறுக்கே அதிகம் செய்கிறார்கள். மேலே வாதுமை மாவில் பதினொரு உருண்டை வைப்பார்கள். பன்னிரண்டு சீடரில் யூதாஸைக் கழித்த கணக்கு.

மகனிடம் மேயில் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு தரம் வாழ்த்து வாங்குவதில் என்ன நட்டம்?

“செப்டெம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறேன். ஆங்கிலம் தெரியும். ஆனால் பழகும் முறை தெரியாமல் அவமானப்பட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?”
(மாணவி, பம்பலப்பிட்டி)

பிள்ளை, நீ படாத அவமானம் எல்லாம் நான் உனக்காகப் பட்டு முடித்துவிட்டேன். கேள்.

முதலில் ‘ரீ’. மான்செஸ்டர் வடக்குப் பக்கம். அங்கே ‘ரீக்கு வா’ என்று கூப்பிட்டால் தேத்தண்ணீர் குடிக்க அல்ல, பின்னேரச் சாப்பாட்டுக்கு. ஐந்து, ஆறு மணிக்கு. மத்தியானச் சாப்பாட்டைத்தான் பலர் டின்னர் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் சாப்பாடு போடும் பெண்களுக்கு நாடு முழுக்கப் பெயர் ‘டின்னர் லேடி’. லீத்திலும் இதே கதை. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதம், கூட வேலை செய்தவர் புதன்கிழமை ரீக்கு வரச் சொன்னார். வெறும் தேத்தண்ணீருக்கு வெறுவயிற்றோடு போவானேன் என்று நாலு மணிக்கே சோறும் ரின் மீன் கறியும் ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனேன். மேசையில் அரைத்த இறைச்சி, அவித்து மசித்த கிழங்கு, பட்டாணி, அதற்குப் பிறகு கஸ்ரர்ட் ஊற்றிய புடிங். அவர் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். வீட்டுக்கு நடந்து வந்த தூரம் இன்றைக்கும் ஞாபகம். பல வருடம் கழித்து ஹரோவில் ஒரு வீட்டில் ஞாயிறு ரீக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை ஏமாறக்கூடாது என்று மத்தியானம் பட்டினி கிடந்து போனால், ஒரு கோப்பை தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கட்டும். தெற்கு!

காலிமுகத்திடல் ஹோட்டலில் மூன்று அடுக்குத் தட்டில் சின்னச் சின்ன சாண்ட்விச்சும் கேக்கும் வருமே, அது வேறு. 1840களில் பெட்போர்ட் கோமகள் அன்னா தொடங்கி வைத்ததாகச் சொல்வார்கள்: மத்தியானத்துக்கும் இரவு எட்டு மணிச் சாப்பாட்டுக்கும் நடுவில் அந்த அம்மாவுக்குப் பசித்ததாம். முப்பது வருடத்தில் அதை ஒருவர் வீட்டிலும் நான் காணவில்லை. வீட்டில் காண்பது பெரிய கோப்பையில் பையைப் போட்டு ஊற்றிய தேத்தண்ணீர், மேலே பால். அதுவும் பெரும்பாலும் கென்யாத் தேயிலை. நுவரெலியாவில் இருந்து வந்தவன் என்று நினைத்து என்னிடம் தேயிலை பற்றிக் கேட்டவர்கள் கனபேர். நான் பிறந்த நெடுந்தீவில் பனைதான் உண்டு என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

அடுத்தது, ‘ஒருநாள் கட்டாயம் வீட்டுக்கு வரவேணும்’ என்ற பேச்சு. நாளும் நேரமும் சொல்லாவிட்டால் அது அழைப்பு அல்ல. நாள் குறிக்காத கலியாணத்துக்கு யாரும் பட்டுச்சேலை எடுப்பதில்லைதானே, அதுபோல. நாள் சொன்னால் நிச்சயம் எதிர்பார்ப்பார்கள். ஏழரை என்றால் ஏழு நாற்பதுக்குப் போ, ஏழு இருபதுக்குப் போகாதே. முந்திப் போனால் தலை துவட்டிக்கொண்டு வந்து கதவு திறப்பார்கள். கையில் ஒரு சொக்கலேற் பெட்டி போதும். இங்கே போல சொல்லாமல் கொள்ளாமல் போய் மணி அடிப்பது மட்டும் வேண்டாம். நமக்கு அது உரிமை. அவர்களுக்கு, யாரோ செத்துவிட்டார்கள் என்று நெஞ்சு பதறும்.

‘ஆர் யூ ஓல்ரைற்?’ என்று காலையில் கேட்பார்கள். நலம் விசாரிக்கவில்லை, வணக்கம் சொல்கிறார்கள். நான் முதல் மாதம் என் நெஞ்செரிவின் வரலாறு முழுவதையும் ஒரு மேற்பார்வையாளருக்குச் சொன்னேன். மனிதர் ஓடவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார். திருப்பி அதையே கேட்டுவிட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான். ‘நொட் பாட்’ என்றால் நல்லாக இருக்கிறது என்று அர்த்தம். உன் கட்டுரையைப் பார்த்து ஆசிரியர் ‘மிகவும் துணிச்சலான யோசனை’ என்றால் வீட்டுக்கு வந்து திரும்ப எழுது. காலநிலை பற்றிக் கதைத்தால், குளிர் என்றால் நீயும் குளிர் என்று சொல், எதிர்த்துப் பேசாதே. பஸ்ஸால் இறங்கும்போது சாரதிக்கு நன்றி சொல்வார்கள், நீயும் சொல். 138ஆம் நம்பர் பஸ்ஸில் அதைச் செய்து பார்த்தேன், என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

“அங்கே வருடத்துக்கு எத்தனை பொது விடுமுறை?”
(அரச ஊழியர், நாரஹேன்பிட்டி)

இங்கிலாந்தில் 8. ஸ்கொட்லாந்தில் 9, வட அயர்லாந்தில் 10. போயா இல்லை. 1871இல் சேர் ஜோன் லபொக் கொண்டுவந்த சட்டத்தில் வங்கிகளைப் பூட்டும் நாட்களாகத் தொடங்கியதால் இன்றைக்கும் ‘பாங்க் ஹொலிடே’ என்கிறார்கள். நம் சுவர்க் கலண்டரில் அரச, வங்கி, வர்த்தக விடுமுறை என்று குறி போட்டு வருகிறதே, அந்த நடுக் குறி அவர்கள் விட்டுப் போனது. உங்கள் உத்தியோகத்தைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்.

“டிசம்பர் 26ஐ ‘பொக்சிங் டே’ என்கிறார்களே, அன்று குத்துச்சண்டை நடக்குமா?”
(வாசகர், கொட்டாஞ்சேனை)

கடைகளில் மலிவு விற்பனை தொடங்கும்போது நடக்கும்.

பெயர் வந்தது பெட்டியிலிருந்து. வேலைக்காரர்களுக்கும், வருடம் முழுக்க வீட்டு வாசலுக்கு வந்து போகும் கடைப் பையன், பால்காரர், தபால்காரர் போன்றவர்களுக்கும் கிறிஸ்மஸை ஒட்டிக் கொடுக்கும் அன்பளிப்புக்குக் ‘கிறிஸ்மஸ் பெட்டி’ என்று பெயர். கோயிலில் ஏழைகளுக்கு வைத்த உண்டியலை மறுநாள் திறந்ததிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படியும் பழைய வழக்கம். 1663 டிசம்பரில் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில், சப்பாத்துக் கடைப் பையன்களின் பெட்டியில் கிறிஸ்மஸுக்காக ஏதோ போட்டதாக எழுதி வைத்திருக்கிறார். இங்கே தபால்காரரும் குப்பை அள்ளுபவரும் பண்டிகைக்கு வந்து நின்றால் ‘சந்தோசம்’ கொடுக்கிறோமே, அதேதான்.

எனக்கும் கிடைத்தது. உறையில் ஐந்து பவுண் தாள், பேணியில் ஷோர்ட்பிரெட். ஒரு கிழவி ஒவ்வொரு வருடமும் கம்பளிக் கையுறை பின்னித் தருவார், ஒவ்வொரு வருடமும் ஒரு கையுறை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். பெரிய வீட்டுக்காரர் கொடுத்தது குறைவு, அடுக்குமாடிக்காரர் கொடுத்தது கூட. இதை நான் முப்பது வருடக் கணக்கோடு சொல்கிறேன்.

2004 பொக்சிங் டே காலையில் ஹரோவில் ரீவியைப் போட்டபோது முதலில் காட்டியது காலிப் பக்கத்துக் கடலை. அதற்குப் பிறகு அந்த நாளுக்கு எனக்கு வேறு பெயர் இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், சுனாமி அஞ்சலிக்குக் காலை 9.25க்கு எழுந்து நின்றிருப்பீர்கள்.

“அவர்கள் ஏன் மணிக்கூட்டை மாற்றுகிறார்கள்? மகளுக்கு நான் எப்போது எடுத்தாலும் நித்திரை என்கிறாள்.”
(ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை)

ரீச்சர், கொழும்பில் சூரியன் நல்ல உத்தியோகத்தர். வருடம் முழுக்க ஆறு மணிக்குக் கிட்டத்தட்ட வந்து ஆறு மணிக்குக் கிட்டத்தட்டப் போகும். எடின்பரோவில் டிசம்பரில் பின்னேரம் மூன்றே முக்காலுக்கு முன்னமே பொழுது பட்டுவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கு வெளிச்சத்தில் பேப்பர் வாசிக்கலாம். கோடையில் சனங்கள் தூங்கும்போது விடிகாலை வெளிச்சம் வீணாகப் போகிறதே என்று வில்லியம் வில்லெற் என்ற கட்டடக்காரர் 1907இல் ஒரு சிறு பிரசுரம் போட்டுத் தலைகீழாக நின்றார். ஒருவரும் கேட்கவில்லை. 1915இல் காலமானார். 1916இல், போருக்கு நிலக்கரி மிச்சம் பிடிக்க ஜேர்மனி அதைச் செய்ததும் இவர்களும் சட்டம் போட்டார்கள்.

மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூடு ஒரு மணி முன்னே போகும், ஒக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே வரும். உங்களுக்கு வேண்டியது இதுதான்: குளிர்காலத்தில் நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழியுங்கள், கோடையில் நாலரை. நீங்கள் பூசை முடித்துக் காலை எட்டரைக்கு எடுத்தால் மகளுக்கு ஜனவரியில் விடியற்காலை மூன்று மணி, ஜூலையில் நாலு. பிள்ளை பாவம். பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு எடுங்கள்.

நாங்களும் சளைத்தவர்கள் அல்ல. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்கு ஒரு மணி முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்து, 2006 சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு பழையபடி விட்டோம். அந்தப் பத்து வருடமும் அம்மாவோடு போனில் கதைத்தால் முதல் ஐந்து நிமிடம் ‘பழைய நேரமா புது நேரமா’ என்பதிலேயே போகும். ராகுகாலத்துக்கு அவர் கடைசிவரை பழைய நேரம்தான் பார்த்தார்.

“பான்கேக் டே என்று ஒரு நாளா?”
(சிறுமி, 11 வயது, கல்கிசை)

ஓம் குஞ்சு. தவக்காலம் புதன்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்தின செவ்வாய், விரதத்தில் சாப்பிடக்கூடாத முட்டை, பால், வெண்ணெய் எல்லாம் வீட்டில் மிஞ்சக்கூடாது என்று தோசைபோல மெல்லிதாகச் சுட்டுத் தீர்ப்பார்கள். விரதத்துக்கு முதல்நாள் உன் அம்மம்மா மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாரே, அதுதான் சங்கதி. நம் கடைப் பான்கேக் போல உள்ளே தேங்காய்ப்பூவும் பாணியும் இருக்காது. தேசிக்காய்ப் புளியும் சீனியும் தூவிச் சுருட்டுவார்கள். ஓல்னி என்ற ஊரில் பெண்கள் தாச்சியில் பான்கேக்கோடு ஓட்டப் பந்தயம் ஓடுவார்கள். 1445இல் தொடங்கியது என்று ஊரார் சொல்வது. நம் தேசிக்காய் கரண்டி ஓட்டத்தைவிடக் கஷ்டம்.

“நவம்பரில் வெள்ளைக்காரர் ரீவியில் எல்லாரும் சட்டையில் ஒரு சிவப்புக் கடதாசிப் பூ குத்தியிருக்கிறார்கள். என்ன அது? லண்டன் போனால் நாங்களும் குத்த வேண்டுமா?”
(வாசகர், பொரளை)

பொப்பிப் பூ. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 காலை பதினொரு மணிக்கு ஓய்ந்தது. பெல்ஜியம், பிரான்ஸ் பக்கத்துப் போர்க்களங்களில் குண்டு கிளறிய மண்ணில் அந்தப் பூத்தான் முளைத்தது. 1921 முதல் கடதாசியில் செய்து விற்று, காசை முன்னாள் படையினருக்கும் குடும்பங்களுக்கும் கொடுக்கிறார்கள். 11ஆம் திகதி பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். கடிதம் பிரிக்கும் எங்கள் கூடத்தில் இயந்திரங்களை நிறுத்திவிடுவார்கள். நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும் இடம், கடதாசி சரியும் சத்தம்கூடக் கேட்கும்.

பொரளையில் இருக்கிறீர்கள். ஒரு பின்னேரம் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு நடந்து போங்கள். அங்கே நிற்கும் போர் நினைவுத் தூணை வரைந்தவர் சேர் எட்வின் லட்யன்ஸ். லண்டன் வைற்ஹோலில் மன்னர் மலர் வளையம் வைக்கும் தூணையும் வரைந்த அதே ஆள். நம்முடையது முதலில் காலிமுகத்திடலில் நின்றது. இரண்டாம் உலகப் போரில் அதை அங்கிருந்து பூங்காவுக்கு மாற்றினார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1930களில் கொழும்பிலும் நவம்பர் 11க்குப் பொப்பி விற்றார்கள். சேர்ந்த காசில் பெரும்பங்கு கப்பலேறி பிரித்தானியப் படையினருக்குப் போனது. இந்த நாட்டிலிருந்து போருக்குப் போய் வந்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். முன்னாள் படையினரான ஏலியன் பெரேரா, அப்படியானால் நாங்கள் வேறு பூ விற்போம் என்று தொடங்கினார். பிறகு இளைஞர் சங்கங்கள் அதைக் கையில் எடுத்தன. ‘சூரிய மல்’ இயக்கம் என்று பெயர். அதன் தலைவியாக இருந்தவர் டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்! 1934, 35இல் மலேரியா ஊர் ஊராகக் கொன்றபோது இந்தப் பூ விற்ற பிள்ளைகள்தான் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குப் போனார்கள்.

சூரிய மல் என்ன பூ தெரியுமா? நம்முடைய பூவரசம் பூ. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய அதே மரம். வேலிக்கு நட்ட மரத்தின் பூவை ஏகாதிபத்தியத்துக்கு எதிரே குத்திக்கொண்டு கொழும்பு வீதியில் நின்றிருக்கிறார்கள்.

நீங்கள் குத்த வேண்டுமா என்றால், கட்டாயம் இல்லை. அங்கேயே போரை விரும்பாதவர்கள் 1933 முதல் வெள்ளைப் பொப்பி குத்துகிறார்கள், சிலர் ஒன்றும் குத்துவதில்லை. நான் குத்தினேன். என் தெருவில் ஒரு முதியவர் தகரப் பெட்டியோடு நின்று விற்றார். அண்ணன் பர்மாவில் புதைந்தவர். அவரைக் கடந்து போக முடியவில்லை.

“நவம்பர் 5இல் லண்டனில் வெடி கொளுத்துவது நம் தீபாவளியைப் பார்த்துத்தானே?”
(இளைஞர், கொள்ளுப்பிட்டி)

இல்லைத் தம்பி, ஆசைதான். 1605இல் அரசன் முதலாம் ஜேம்ஸையும் பாராளுமன்றத்தையும் சேர்த்துத் தகர்க்க, கட்டடத்துக்குக் கீழே 36 பீப்பாய் வெடிமருந்து வைத்தார்கள் சில கத்தோலிக்கர். காவலுக்கு நின்ற கை ஃபோக்ஸ் பிடிபட்டார். காட்டிக் கொடுத்தது எது? மொன்ரீகிள் பிரபுவுக்கு வந்த கையெழுத்தில்லாத ஒரு கடிதம். அதனால் இது தபால்காரரின் பண்டிகை என்று நான் வாதாடுவேன். தீ மூட்டிப் பொம்மை எரிப்பதைப் பார்த்தால் நரகாசுரன் ஞாபகம் வரும்தான்.

இங்கிலாந்தில் சாதாரண நாளில் இரவு 11 வரைதான் வெடி விடலாம், நவம்பர் 5இல் 12 வரை, தீபாவளிக்கு ஒரு மணி வரை. பார்த்தாயா, நமக்கு ஒரு மணி நேரம் கூட.

“நம் கிறிஸ்மஸ் கேக் வெள்ளைக்காரன் தந்ததா?”
(இல்லத்தரசி, வத்தளை)

அடுப்பு அவன் தந்தது, உள்ளே இருப்பது எங்களுடையது. ரவை, கஜு, பூசணித் தோசி, சவுசவு, ஏலம், பன்னீர், தேன்: இந்தச் சேர்க்கை இங்கிலாந்துக் கேக்கில் ஏது? அவர்களுடையது கறுப்பு, பிராந்தியில் ஊறிய முந்திரிகை வத்தல், மேலே கல்போல ஐசிங். புடிங்கை நவம்பர் கடைசியில், திருவருகைக் காலத்துக்கு முந்தின ஞாயிறே கிண்டி வைப்பார்கள். அன்றைய செபம் ‘கிளறிவிடும்’ என்று தொடங்குவதால் அந்த நாளுக்குப் பெயரே கிளறும் ஞாயிறு. வீட்டில் ஆளுக்கு ஒருமுறை கிண்ட வேண்டும், உள்ளே ஒரு நாணயம் போட வேண்டும். என் மனைவி செய்த நம் கேக்கை ஒரு டிசம்பரில் பிரிப்புக் கூடத்துக்குக் கொண்டு போனேன். ஒரு துண்டு கேக்கை நாலு பேர் மூன்று நிமிடம் பேசாமல் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு ஒக்டோபரிலேயே அவளுக்கு ஓடர் வரத் தொடங்கியது.

“புத்தாண்டு அன்று யார் முதலில் வீட்டுக்குள் காலடி வைக்கிறார் என்று அம்மா பார்ப்பார், ராசியான பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவார். என் கணவர் மூடநம்பிக்கை என்கிறார். வெள்ளைக்காரரிடம் இப்படி உண்டா?”
(வாசகி, மட்டக்குளி)

உண்டு. அந்த ராசியான பக்கத்து வீட்டு ஆள் நான்தான்.

ஸ்கொட்லாந்தில் கிறிஸ்மஸைவிடப் புத்தாண்டு பெரிது. பழைய மதக் கட்டுப்பாட்டால் கிறிஸ்மஸ் அங்கே பொது விடுமுறையானதே 1958இல்தான். டிசம்பர் 31க்கு ஹொக்மனே என்று பெயர். நள்ளிரவு மணி அடித்த பிறகு வாசலைத் தாண்டும் முதல் ஆளால்தான் அந்த வருடத்தின் பலன். அவர் உயரமான, கறுத்த முடியுள்ள ஆணாக இருக்க வேண்டும். செம்பட்டைக்கும் பொன் முடிக்கும் ராசி இல்லை. பொன் முடிக்காரன் வாசலில் நின்றால் அது வைக்கிங் கொள்ளைக்காரனாக இருந்த காலத்து ஞாபகம் என்பார்கள். வெறுங்கையோடு வரக்கூடாது: கரித்துண்டு, உப்பு, ஷோர்ட்பிரெட், விஸ்கி.

1981 முடியும் இரவு. எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டு மிஸஸ் வந்து கதவைத் தட்டினார். எண்பதை எட்டியவர், அதுவரை என்னோடு மழை பற்றி மட்டும் கதைத்தவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். ‘உயரம் காணாது, பரவாயில்லை’ என்றார். நான் ஐந்தடி நாலு. கையில் கடதாசி சுற்றிய கரித்துண்டைத் தந்து பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். பனி. தூரத்தில் துறைமுகத்துக் கப்பல்கள் ஒன்றாக ஊதின. நான் மணியை அடித்தேன். கதவைத் திறந்து, என்னை அன்றுதான் முதல்முறை காண்பதுபோல ‘வாருங்கள், வாருங்கள்’ என்றார்.

அடுத்த வருடம் அந்தப் படிக்கட்டில் இருந்த எட்டு வீடும் கேட்டன. வருடம் முழுக்க அதே தெருவில் தலைநிறத்தையும் தோல்நிறத்தையும் சொல்லிக் கத்திய பையன்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவனின் தாயும் அந்த எட்டில் ஒருவர். அவன் கதவுக்குப் பின்னால் நின்று நான் கரி கொடுப்பதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் தாய் விஸ்கியை நிறையவே ஊற்றினார்.

எரிவாயு அடுப்பு வந்த பிறகு கரிக்கு வேலை இல்லை. மிஸஸ் அதே துண்டை அலுமாரித் தட்டில் வைத்து ஒவ்வொரு டிசம்பரும் எடுத்துத் தருவார். 1989இல் நான் ஹரோவுக்கு மாறியபோது, இனி எனக்கு யார் வருவார்கள் என்று சொல்லி அதை என் பையில் போட்டுவிட்டார்.

உங்கள் கணவருக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, பிள்ளை. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு அது எப்படி இருக்கிறது என்று. மெரீன் டிரைவ் பக்கம் யன்னலைத் திறந்தால் கடற்காற்று மேசையைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்க்கும். உங்கள் கடிதங்களுக்கு மேலே அந்தக் கரித்துண்டுதான் பாரத்துக்கு இருக்கிறது. உங்களுடைய உறையில் கொஞ்சம் கறுப்பு பட்டுவிட்டது.